எந்த ரூலெட் மேசையில் உட்காருவது?

லாஸ் வேகாஸின் கேசினோ வீதியான ஸ்ட்ரிப்பில் உள்ள பெரிய கேசினோ ஒன்றுக்குள் நுழைந்தால், ஒரே கூரையின் கீழ் மூன்று விதமான ரூலெட் சக்கரங்கள் கண்ணில் படலாம். தள்ளி நின்று பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அதே பச்சைத் துணி, அதே வெள்ளைக் குண்டு, அதே மரப் பளபளப்பு. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒன்றில் ஒரு பூஜ்யம், இன்னொன்றில் இரண்டு, மற்றதில் மூன்று. ஊர் சுற்றப் போகிறவர்கள் "எந்த நம்பரில் கட்டலாம், சிவப்பா கறுப்பா?" என்றுதான் விசாரிப்பார்கள். எந்த நம்பரில் கட்டினாலும் ஒன்றுதான். மேசைக்கு மேசைதான் விலை மாறுகிறது, அதுவும் சில சமயம் மூன்று மடங்கு வரை.

ஆட்டத்தின் விதிகள் ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்கள், பாதி சிவப்பு, பாதி கறுப்பு. இவற்றோடு பச்சை நிறத்தில் பூஜ்யம். மேசையை நடத்தும் டீலர் சக்கரத்தை ஒரு பக்கம் சுழற்றி, குண்டை அதற்கு எதிர்ப்பக்கமாக விளிம்பில் ஓட விடுவார். குண்டு வேகம் குறைந்து கீழே இறங்கும்வரை கட்டலாம். அதற்குப் பிறகு "நோ மோர் பெட்ஸ்". ஒரே எண்ணில் வைத்து ஜெயித்தால் ஒன்றுக்கு 35. இரண்டு எண்களுக்கு நடுவே கோட்டில் வைத்தால் 17, மூன்று எண் வரிசைக்கு 11, நான்கு எண்கள் கூடும் மூலைக்கு 8, ஆறு எண்களுக்கு 5. பன்னிரண்டு எண்கள் கொண்ட டஜனுக்கோ நெடுக்கு வரிசைக்கோ ஒன்றுக்கு 2. சிவப்பு கறுப்பு, ஒற்றைப்படை இரட்டைப்படை, 1–18 அல்லது 19–36 ஆகியவற்றுக்குப் போட்ட தொகைக்குச் சமமாக இன்னொரு பங்கு.

இந்தப் பட்டுவாடா மூன்று சக்கரங்களிலும் ஒன்றேதான். அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. பூஜ்யமே இல்லாத சக்கரம் ஒன்று இருந்து, 36 எண்களிலும் எண்ணுக்கொரு சிப் (பணத்துக்குப் பதிலான வில்லை) வைத்தால், ஜெயித்த எண்ணுக்கு 35 கிடைக்கும், அங்கே வைத்த சிப்பும் திரும்பும். போட்டது 36, வந்தது 36, கணக்கு நேர். இப்போது ஒரு பூஜ்யத்தைச் சேருங்கள். 37 போட்டால் 36தான் திரும்பும். இரண்டு பூஜ்யம் என்றால் 38 போட்டு 36, மூன்று என்றால் 39 போட்டு 36. விடுதி, அதாவது கேசினோ, எடுத்துக்கொள்வது முறையே 2.70, 5.26, 7.69 சதவீதம். இதைத்தான் ஹவுஸ் எட்ஜ் என்கிறார்கள். தரகு என்று சொன்னாலும் பொருந்தும். ஆக, சக்கரத்தில் இருக்கும் பச்சைக் குழிகளை எண்ணிப் பார்த்தாலே அதன் விலை தெரிந்துவிடும்.

விலையைக் குறைத்தவர்கள், கூட்டியவர்கள்

ரூலெட்டின் பிறப்பைப் பற்றிச் சொல்லும்போது பிரெஞ்சுக் கணித மேதை பிளேஸ் பாஸ்கலை இழுக்காதவர்கள் குறைவு. 17ஆம் நூற்றாண்டில் அவர் நிற்காமல் ஓடும் யந்திரம் ஒன்றைச் செய்யப் போய் இந்தச் சக்கரம் பிறந்தது என்பார்கள். கேட்க நன்றாயிருக்கிறது, ஆதாரம் வலுவில்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது, 1790களில் பாரிஸின் பாலே ரொயால் சூதாட்டக் கூடங்களில் இன்றைய சக்கரத்தை ஒத்த ஒன்று சுழன்றது என்பது. அதில் விடுதிக்கென்று இரண்டு குழிகள் இருந்தன, 0 சிவப்பிலும் 00 கறுப்பிலும். சிவப்பில் கட்டியவர் சிவப்புப் பூஜ்யத்தைக் காட்டித் தகராறு செய்ய இடம் இருந்ததால் பிறகு பச்சைக்கு மாற்றினார்கள். அதாவது இரட்டைப் பூஜ்யத்தை நாம் அமெரிக்கச் சரக்கு என்று சொன்னாலும் அது பாரிஸில் பிறந்தது. ஒற்றைப் பூஜ்யம்தான் பின்னால் வந்தது, அதுவும் வியாபாரப் போட்டியில்.

பிரான்ஸ் 1837 இறுதியோடு சூதாட்டக் கூடங்களை மூடியது. தொழில் ஜெர்மனியின் ஸ்பா ஊர்களுக்கு நகர்ந்தது. பாடன்-பாடன் போன்ற பெயர் பெற்ற ஊர்கள் ஏற்கனவே கல்லா கட்டிக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் பாட் ஹாம்புர்க் என்ற சின்ன ஊருக்கு பிரான்ஸ்வா பிளாங்க், லூயி பிளாங்க் என்ற சகோதரர்கள் வந்தார்கள். பிரபலமில்லாத ஊருக்குக் கூட்டத்தை எப்படி இழுப்பது? 1843இல் 00ஐ எடுத்துவிட்டார்கள். தரகு கிட்டத்தட்ட பாதியானது. ஆடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு புரியாமல் இல்லை, கூட்டம் ஹாம்புர்க்குக்குத் திரும்பியது.

பிரான்ஸ்வா பிளாங்க் பிறகு 1863இல் மொனாக்கோவின் சூதாட்ட உரிமையை எடுத்தார். கையில் காசில்லாமல் தவித்துக்கொண்டிருந்த அந்தச் சிற்றரசுக்கு மான்டே கார்லோ விடுதி வாழ்வு கொடுத்தது. 1869இல் இளவரசர் மூன்றாம் சார்ல்ஸ் குடிமக்களுக்கு நேரடி வரிகளை ரத்து செய்யும் அளவுக்கு வருமானம் கொட்டியது. 1872 இறுதியில் ஜெர்மனியும் கதவைச் சாத்த, ஐரோப்பாவின் பணக்காரக் கூட்டம் முழுவதும் மான்டே கார்லோவுக்கு வந்து சேர்ந்தது. அத்தனையும் ஒற்றைப் பூஜ்யத்தில் வந்த பணம். மொனாக்கோ குடிமக்கள் மட்டும் அங்கே ஆடக் கூடாது என்று தடை. விற்கிறவனுக்குத் தெரியாதா சரக்கின் குணம்! 1 முதல் 36 வரை கூட்டினால் 666 வருகிறது, அது சாத்தானின் எண், பிளாங்க் தன் ஆத்மாவை விற்றுத்தான் சக்கரத்தின் ரகசியத்தை வாங்கினார் என்று ஒரு கதையும் கிளம்பியது. கூட்டிப் பாருங்கள், 666 மட்டும் உண்மை.

அட்லாண்டிக்கின் மறுகரையில் போட்டி இப்படி வேலை செய்யவில்லை. அமெரிக்காவின் ஆரம்ப காலச் சக்கரங்கள் சிலவற்றில் எண்கள் 28தான், ஆனால் விடுதிக்கு மூன்று குழிகள். 0, 00, மூன்றாவதாக அமெரிக்கக் கழுகின் படம். அந்தக் கழுகு காலப்போக்கில் பறந்துவிட்டது, இரட்டைப் பூஜ்யம் தங்கிவிட்டது. 2016இல் வேகாஸின் வெனிஷியன் விடுதி மூன்றாவது பச்சைக் குழியைத் திரும்பக் கொண்டு வந்தது. அதில் கழுகுக்குப் பதிலாக, அன்றைய உரிமையாளரான சாண்ட்ஸ் நிறுவனத்தின் முதலெழுத்து. ஆடுகிறவர்கள் முணுமுணுத்தார்களே தவிர எழுந்து போகவில்லை. விளைவு, ஸ்ட்ரிப்பில் பல விடுதிகள் அதைப் பின்பற்றின. பிளாங்க் ஒரு பூஜ்யத்தை எடுத்து ஆள் சேர்த்தார், இவர்கள் ஒன்றைக் கூட்டியும் ஆள் குறையவில்லை.

பிரெஞ்சு மேசை

ஒற்றைப் பூஜ்யச் சக்கரத்திலேயே இன்னும் மலிவான வகை ஒன்று உண்டு. சக்கரம் அதேதான், பூஜ்யம் விழும்போது என்ன செய்வது என்ற விதி வேறு. நீங்கள் 100 யூரோவைச் சிவப்பில் வைத்திருக்கிறீர்கள், பூஜ்யம் விழுகிறது என்று வையுங்கள். சாதாரண மேசையில் 100ம் போய்விடும். 'லா பார்த்தாஜ்' விதி உள்ள மேசையில் க்ரூப்பியே, அதாவது அங்கத்திய டீலர், 50ஐ எடுத்துக்கொண்டு 50ஐ உங்களிடமே திருப்பித் தள்ளுவார். 'ஆன் ப்ரிசோன்' விதி என்றால் எதையும் எடுக்க மாட்டார். உங்கள் சிப்பைக் கட்டத்தின் எல்லைக் கோட்டுக்கு நகர்த்தி வைப்பார். அது சிறையில் இருக்கிறது என்று அர்த்தம். அடுத்த சுற்றில் சிவப்பு விழுந்தால் லாபமும் நஷ்டமும் இல்லாமல் 100 விடுதலை. கறுப்பு விழுந்தால் போனது போனதுதான். மறுபடியும் பூஜ்யமே விழுந்தால் என்ன செய்வது என்பது விடுதிக்கு விடுதி மாறும், உட்காரும் முன் கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டு விதிகளிலும் தரகு கிட்டத்தட்ட 1.35 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. கேசினோவில் எந்தத் திறமையும் தேவைப்படாத ஆட்டங்களில் இது கௌரவமான விலை. ஆனால் இந்தச் சலுகை சிவப்பு கறுப்பு, ஒற்றை இரட்டை போன்ற சமப் பந்தயங்களுக்கு மட்டும்தான். பிரெஞ்சு மேசையில் உட்கார்ந்துகொண்டு 17ஆம் நம்பரிலேயே சிப்புகளைக் குவிப்பவருக்கு அது சாதாரண ஒற்றைப் பூஜ்ய மேசையாகிவிடும், 2.70 சதவீதம்.

பிரெஞ்சு மேசையில் வேறு சிரமங்களும் உண்டு. மேசை நீளமானது, சிப்புகளை நீண்ட கழியால் இழுப்பார்கள், தள்ளுவார்கள். சம்பிரதாயப்படியான மேசைகளில் எல்லோருக்கும் ஒரே மாதிரி சிப் என்பதால், எது யாருடையது என்று நீங்கள்தான் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். கட்டங்களில் ரூஜ், நுவார், பேர், அம்பேர் (சிவப்பு, கறுப்பு, இரட்டை, ஒற்றை) என்று பிரெஞ்சில்தான் எழுதியிருக்கும். சக்கரத்தில் பூஜ்யத்துக்கு அக்கம்பக்கத்தில் உள்ள 17 எண்களை மொத்தமாகக் கேட்க 'வுவாஸான் து ஸேரோ' என்று வாயால் சொன்னால் போதும், க்ரூப்பியே ஒன்பது சிப்புகளை அந்தந்த இடத்தில் வைத்துவிடுவார். பக்கத்தில் நின்று கேட்க அழகாக இருக்கும், தரகில் ஒரு காசு குறையாது.

அமெரிக்க மேசையில் இந்தத் தொந்தரவு இல்லை. ஆளுக்கொரு நிறத்தில் சிப் தருவார்கள், உங்களுடையது நீலம் என்றால் மேசையில் உள்ள நீலம் எல்லாம் உங்களுடையது. அந்த நிற சிப்புக்கு அந்த மேசைக்கு வெளியே மதிப்புக் கிடையாது, எழுந்திருக்கும்போது டீலரிடம் கொடுத்துச் சாதாரண சிப்பாக மாற்றிக்கொள்ள வேண்டும். ஜெயித்த எண் மீது டீலர் ஒரு சின்னக் குமிழை வைப்பார். அதை எடுக்கும்வரை யாரும் புதிதாகக் கட்டக் கூடாது. முதல்முறை போகிறவர்கள் அதிகம் திட்டு வாங்குவது இதற்குத்தான்.

சதவீதம் பாதி, மினிமம் பாதி

இதுவரை படித்தவர் பிரெஞ்சு மேசைதான் சரி என்று முடிவுக்கு வந்திருப்பார். பெரும்பாலான கட்டுரைகளும் அங்கேதான் நின்றுவிடுகின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஏனென்றால் கேசினோக்காரர்கள் மலிவான சக்கரத்தைச் சும்மா கொடுப்பதில்லை. வேகாஸில் ஒற்றைப் பூஜ்யம் வேண்டுமென்றால் பெரும்பாலும் பெரிய பந்தய அறைக்குப் போக வேண்டும். குறைந்தபட்சப் பந்தயம், அதாவது மினிமம், அங்கே அதிகம். நடைபாதையை ஒட்டிய இடங்களில் சின்ன மினிமத்தில் கிடைப்பது மூன்று பூஜ்யம்.

நீங்கள் இழக்கப்போவது சதவீதம் அல்ல, பணம். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு போகும் என்பதற்கு, போடும் தொகை, சுற்றுகளின் எண்ணிக்கை, தரகு ஆகிய மூன்றையும் பெருக்க வேண்டும். மணிக்கு 40 சுற்று என்று வைத்துக்கொள்வோம். மேசை மினிமங்களும் ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொண்டவைதான், நீங்கள் போகும் இரவில் பலகையில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். 15 டாலர் மினிமம் உள்ள இரட்டைப் பூஜ்ய மேசையில் ஒரு மணி நேரத்தில் 600 டாலர் கட்டுவீர்கள். சராசரியாக அதில் சுமார் 32 டாலர் விடுதிக்குப் போகும். 50 டாலர் மினிமம் உள்ள ஒற்றைப் பூஜ்யத்தில் 2,000 டாலர் கட்டி 54 டாலர் இழப்பீர்கள். பிரெஞ்சு விதியோடு 100 டாலர் மினிமம் என்றால் 4,000 கட்டி அதே 54. மூன்று பூஜ்ய மேசை 10 டாலருக்குக் கிடைத்தால் 400 கட்டி 31 டாலர். எல்லோரும் திட்டும் அந்த மூன்று பூஜ்யமும் இரட்டைப் பூஜ்யமும் இங்கே ஒரே விலைக்கு வந்து நிற்கின்றன, 'மலிவான' பிரெஞ்சு மேசையோ ஒற்றைப் பூஜ்யத்தின் அளவுக்கே, இவை இரண்டையும் விட அதிகம் பிடுங்குகிறது.

இதை மேசைக்கு மேசை காகிதமும் பேனாவுமாகப் போட முடியாது. ஒரு குறுக்குவழி இருக்கிறது. மினிமத்தைப் பச்சைக் குழிகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். வருகிற எண்தான் ஒரு மணி நேரத்துக்கு உத்தேசமாக நீங்கள் கொடுக்கும் தொகை. 15 பெருக்கல் 2, 30. 50 பெருக்கல் 1, 50. 10 பெருக்கல் 3, 30. பூஜ்யம் விழுந்தால் பாதி திரும்பும் விதி இருந்து, நீங்கள் சமப் பந்தயம் மட்டும் கட்டுவதாக இருந்தால் பூஜ்யத்தை அரை என்று எண்ணுங்கள். 100 பெருக்கல் அரை, 50. மணிக்கு 40 சுற்று, சக்கரத்தில் 38 குழி, இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் இந்தக் கணக்கு இவ்வளவு நெருங்கி வருகிறது. டாலரோ யூரோவோ ரூபாயோ, எதுவானாலும் பொருந்தும்.

நியூ ஜெர்சியின் அட்லாண்டிக் சிட்டியிலும் இந்த அரை உதவும். அங்கே இரட்டைப் பூஜ்ய மேசையிலும் 0 அல்லது 00 விழுந்தால் சமப் பந்தயத்தில் பாதியைத் திருப்பித் தரும் விதி உண்டு, 'சரண்டர்' என்பார்கள். இரண்டு அரைப் பூஜ்யம் சேர்ந்தால் ஒன்று. தரகு 2.63 சதவீதம், சிவப்பு கறுப்பு மட்டும் ஆடுகிறவருக்கு ஐரோப்பியச் சக்கரத்தை விட ஒரு நூல் மலிவு.

மினிமம் என்ற வார்த்தையிலேயே ஒரு வில்லங்கம் இருக்கிறது. அமெரிக்க மேசையில் 15 டாலர் மினிமம் என்றால், உள்ளே எண்களில் கட்டுகிறவர் ஒரு டாலர் சிப்புகளாகப் பதினைந்தைப் பரப்பி வைக்கலாம், மொத்தம் 15 வந்தால் போதும். வெளியே சிவப்பிலும் இரண்டாவது டஜனிலும் கட்டுகிறவர் ஒவ்வொன்றிலும் தனித்தனியாக 15 வைக்க வேண்டும். இரண்டு இடத்தில் வைத்தால் குறுக்குவழிக் கணக்கில் மினிமம் 30 ஆகிவிடும்.

ஒரே போடு போடுகிறவருக்கு, உட்கார்ந்து ஆடுகிறவருக்கு

சக்கரத்தின் தேர்வு எல்லோருக்கும் சம அளவில் முக்கியம் இல்லை. கையில் இருப்பதை ஒரே சுற்றில் இரட்டிப்பாக்கிவிட்டு வெளியேற நினைப்பவருக்கு வாய்ப்பு ஒற்றைப் பூஜ்யத்தில் 48.6 சதவீதம், இரட்டையில் 47.4, மூன்றில் 46.2. பெரிய வித்தியாசம் இல்லை. 2004 ஏப்ரலில் ஆஷ்லி ரெவல் என்ற இங்கிலாந்துக்காரர் துணிமணி உட்பட இருந்ததையெல்லாம் விற்று, 1,35,300 டாலரை வேகாஸின் பிளாஸா விடுதியில் சிவப்பில் வைத்தார். சிவப்பு 7 விழுந்தது. இரட்டித்த பணத்தோடு அவர் எழுந்து போனதைத் தொலைக்காட்சி காட்டியது. புத்திசாலித்தனமா என்று கேட்டால் வீடு வாசலை வைத்து யாரும் செய்யக் கூடாத காரியம்தான். ஆனால் கணக்குப்படி, இரட்டிப்பாக்குவதுதான் நோக்கம் என்றால், ஒரே போடாகப் போடுவதுதான் சரியான வழி.

அதே தொகையை 20 பங்காகப் பிரித்து, சுற்றுக்கு ஒரு பங்காகச் சிவப்பில் வைத்து, இரட்டிப்பாகும்வரை அல்லது தீரும்வரை ஆடுகிறவரைப் பாருங்கள். ஒற்றைப் பூஜ்யத்தில் அவர் இரட்டிப்பாக்கி எழுந்திருக்கும் வாய்ப்பு சுமார் 25 சதவீதம். இரட்டைப் பூஜ்யத்தில் 11. மூன்று பூஜ்யத்தில் 4 சொச்சம். ஒரு சுற்றில் கண்ணுக்கே தெரியாத வித்தியாசம், நேரம் ஆக ஆக ஆறு மடங்காக விரிகிறது. ஆகவே சிறிது சிறிதாக நெடுநேரம் ஆட நினைப்பவருக்குத்தான் பூஜ்யங்களின் எண்ணிக்கை உயிர்நாடி. அப்படிப்பட்டவர்கள்தான் சின்ன மினிமத்துக்காக மூன்று பூஜ்ய மேசையில் போய் உட்காருகிறார்கள் என்பது விடுதிக்கு நன்றாகத் தெரியும்.

எண்ணில் கட்டுவதா, நிறத்தில் கட்டுவதா என்பது ருசியைப் பொறுத்தது. ஒற்றைப் பூஜ்யத்தில் ஒரே எண்ணை நம்பி 40 சுற்று ஆடினால், ஒருமுறைகூட ஜெயிக்காமல் எழுந்திருக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. மற்ற நேரங்களில் ஒரே அடியில் 35 சிப் வந்து விழும் சந்தோஷம் கிடைக்கும். நிறத்தில் ஆடினால் ஏற்ற இறக்கம் குறைவு, நேரம் ஓடும். சாதாரண மேசையில் இரண்டுக்கும் தரகு ஒன்றுதான். ஒரே ஒரு பந்தயம் மட்டும் எவருக்கும் வேண்டாம். இரட்டைப் பூஜ்ய மேசையின் தலைப்பகுதியில் 0, 00, 1, 2, 3 ஐந்தையும் சேர்த்துக் கட்டும் இடம். அதற்கு ஒன்றுக்கு 6தான் தருவார்கள், தரகு 7.89 சதவீதம். மூன்று பூஜ்ய மேசையையும் மிஞ்சிய விலை.

தோற்றால் இரட்டிப்பது

எந்த மேசையில் உட்கார்ந்தாலும் யாராவது ஒருவர் மார்ட்டிங்கேல் முறையைச் சொல்லித் தருவார். தோற்றால் பந்தயத்தை இரட்டி, ஜெயிக்கும்போது எல்லாம் வந்துவிடும் என்பது அதன் சாரம். 10 டாலரில் தொடங்கி, மேசையின் உச்சவரம்பு 1,000 என்றால், தொடர்ந்து ஏழு தோல்வியில் 1,270 டாலர் போயிருக்கும். எட்டாவது பந்தயமான 1,280ஐ மேசை ஏற்காது. ஒற்றைப் பூஜ்யத்தில் இது 106 முறைக்கு ஒருமுறை நடக்கும். மீதி 105 முறை பத்துப் பத்தாகச் சேர்த்தது 1,050. இரட்டைப் பூஜ்யத்தில் 89 முறைக்கு ஒருமுறை. தோற்பவருக்குச் சின்னச் சின்னதாக ஜெயித்துக்கொண்டே இருந்த ஞாபகம் மட்டும் மிஞ்சும்.

ஏழு முறை தொடர்ந்து வராது என்று நினைப்பவர்களுக்கு 1913 ஆகஸ்ட் 18. மான்டே கார்லோவில் அன்றிரவு கறுப்பு 26 முறை தொடர்ந்து விழுந்தது. பதினைந்து தாண்டியதும் சிவப்பு வந்தே தீர வேண்டும் என்று கூட்டம் முண்டியடித்துச் சிவப்பில் கொட்டியது, ஒவ்வொரு சுற்றிலும் இழந்தது. குண்டுக்கு முந்தைய சுற்று ஞாபகம் இருப்பதில்லை.

சக்கரத்தை ஜெயித்தவர்களே இல்லையா என்றால் இருக்கிறார்கள். பெரும்பாலோர் கோணல் சக்கரத்தை, அதாவது சமன் தவறிச் சில எண்களை அடிக்கடி தரும் சக்கரத்தைக் கண்டுபிடித்தவர்கள். யார்க்‌ஷயரைச் சேர்ந்த ஜோசப் ஜாக்கர் 19ஆம் நூற்றாண்டில் ஆள் வைத்து எண்களைக் குறித்தே மான்டே கார்லோவின் ஒரு சக்கரத்தைப் பிடித்தார். 1947இல் ஆல்பர்ட் ஹிப்ஸ், ராய் வால்ஃபோர்ட் என்ற இரு மாணவர்கள் அமெரிக்காவின் ரீனோவில் இதையே செய்தார்கள். 1990களில் மாட்ரிட்டில் கொன்சாலோ கார்ஸியா-பெலாயோ குடும்பத்தோடு இறங்கி வாரினார், வழக்கு ஸ்பெயின் உச்ச நீதிமன்றம் வரை போய் 2004இல் அவர் பக்கம் தீர்ந்தது. வேறு வழியில் போனவர்களும் உண்டு: 1961இல் எட்வர்ட் தோர்ப், க்ளாட் ஷானன் என்ற இரு கணித அறிஞர்கள் காலணிக்குள் கால்விரலால் இயக்கும் சின்னக் கணினியைக் கட்டிக்கொண்டு வேகாஸில் குண்டின் வேகத்தை அளந்தார்கள். இன்று வேகாஸ் உள்ள நெவாடா மாநிலத்தில் அது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். சக்கரங்களும் இப்போது சமன் பார்த்து, கணினியில் ஒவ்வொரு எண்ணையும் பதிந்து கண்காணிக்கப்படுகின்றன. மேசைக்கு மேலே ஒளிரும் 'கடந்த 20 எண்கள்' பலகையை விடுதியே வைத்திருக்கிறது என்றால், அதனால் அவர்களுக்கு நஷ்டம் இல்லை என்று புரிந்துகொள்ளலாம்.

நமக்குப் பக்கத்தில்

சிங்கப்பூரில் கணக்கு தலைகீழ். அங்கே 2010இல் திறந்த இரண்டு கேசினோக்களுக்கும் வெளிநாட்டுக்காரர் கடவுச்சீட்டைக் காட்டி இலவசமாக நுழையலாம், வயது 21 ஆகியிருக்க வேண்டும். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நுழைவு வரி, 2019க்கு முன் அது 100ஆக இருந்தது. 25 வெள்ளி மினிமத்தில் ஒற்றைப் பூஜ்யம் ஆடினால் மணிக்கு 27 வெள்ளி தரகு. அதாவது உள்ளூர்வாசி உட்காரும் முன்பே ஐந்தரை மணி நேர ஆட்டத்தின் தரகைக் கட்டிவிட்டார். அவருக்கு எந்தச் சக்கரம் என்பது இரண்டாம்பட்சக் கேள்வி, முதல் கேள்வி வாசலிலேயே முடிந்துவிடுகிறது. ஆட்டம் கைமீறிப் போன குடும்பத்தினரை உள்ளே விடாமல் தடுக்க உத்தரவு வாங்கும் வழியும் அங்கே உண்டு.

வீட்டில் உட்கார்ந்து கைப்பேசியில் ஆடும் ரூலெட்டை நான் இந்த ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டுச் சட்டம் இணையச் சூதாட்டத்தைத் தடை செய்கிறது, 2025இல் மத்திய அரசும் பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளுக்கு எதிராகச் சட்டம் கொண்டு வந்தது. வரும் விளம்பரங்கள் வெளிநாட்டுத் தளங்களுடையவை. பணம் வரவில்லை என்றால் புகார் கொடுக்கக்கூட வழியில்லை.

கேசினோவுக்குள்ளேயே இருக்கும் திரை யந்திரங்கள் வேறு விஷயம். நடுவில் கண்ணாடிக் கூண்டுக்குள் நிஜச் சக்கரம், சுற்றிலும் திரைகள். மினிமம் மிகக் குறைவு, சிப் வைக்கத் தெரியாதவருக்கும் கூச்சம் இல்லை. ஆனால் டீலர் சிப் எண்ணும் நேரம் மிச்சமாவதால் சுற்றுகள் சரசரவென்று போகும். குறுக்குவழிக் கணக்கு 40 சுற்றுக்கானது, யந்திரம் மணிக்கு 80 சுற்றினால் விடையை இரட்டியுங்கள். 5 டாலர் இரட்டைப் பூஜ்ய யந்திரம் 20 ஆகும், அப்போதும் 15 டாலர் மேசையை விட மலிவுதான். திரையில் எத்தனை பூஜ்யம் என்று மட்டும் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

என் தேர்வு இது. ஐரோப்பாவில், மினிமம் கட்டுப்படியாகும் இடத்தில், பாதி திரும்பும் விதியோடு பிரெஞ்சு மேசை, சிவப்பு கறுப்பு மட்டும். வேகாஸில் ஒற்றைப் பூஜ்யத்தைத் தேடி அலையாமல், சின்ன மினிமம் உள்ள இரட்டைப் பூஜ்யம். மூன்று பூஜ்யத்தின் மினிமம் அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இருந்தால் தொட வேண்டாம், அதற்குக் கீழே என்றால் தயங்க வேண்டியதில்லை. ஒரே விலைக்கு இரண்டு மேசை கிடைத்தால் கூட்டம் அதிகமுள்ளதைப் பாருங்கள். ஏழெட்டுப் பேர் சிப்பைப் பரப்பி வைத்தால் டீலர் கூட்டிக் கழித்துப் பட்டுவாடா செய்யவே நேரம் பிடிக்கும், மணிக்குச் சுற்றுகள் குறையும். காலியான மேசையில் நீங்கள் மட்டும் இருந்தால் குண்டு நிற்கவே நிற்காது.